கம்பி முடிந்த இடம்

ஊர் என்றால் அதற்கு ஒரு ஸ்தல புராணம் இருக்க வேண்டும் என்பது நம் பழக்கம். ஒரு ரிஷி தவம் செய்திருக்க வேண்டும், ஒரு பசு புற்றின்மேல் பாலைச் சொரிந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு ராஜா வேட்டைக்கு வந்து வழி தவறியிருக்க வேண்டும். தாம்பரத்தைப் பற்றி அப்படி எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. நான் அங்கே வளர்ந்தவன். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. 1950களில் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்து சேர்ந்தோம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரைத்தான் அப்பா சொல்வார். அடுத்த வீட்டுக்காரர் திண்டுக்கல் பக்கம் என்பார். தாம்பரத்துக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட எவரையும் சிறு வயதில் நான் சந்தித்ததில்லை. சந்தித்திருந்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகுதான் இந்த ஊர் எப்படி உண்டாயிற்று என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சுற்றுப்புறம் ஒன்றும் புதிதில்லை. பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது; இப்போது அது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். அதே பல்லாவரத்தில் 1863 மே 30-ம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, இது மனிதன் செதுக்கிய ஆயுதம் என்றார். இந்தியாவில் பழைய கற்காலம் என்ற ஒன்று இருந்தது என்பதற்கான தடயம் அப்படித்தான் கிடைத்தது. மேற்கே மணிமங்கலம். புலிகேசியை நரசிம்மவர்மன் எதிர்த்து நின்ற களங்களில் ஒன்று அது. எனவே சரித்திரம் இல்லாத பூமி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சரித்திரத்திலிருந்து இன்றைய தாம்பரத்துக்கு நேர்க்கோடு எதுவும் வரவில்லை. நடுவே வேறு ஒன்று வந்து நின்றது. அது ஒரு கால அட்டவணை.

*

தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1874-ல் உருவானது. சென்னையிலிருந்து தெற்கே போன மீட்டர் கேஜ் பாதையில் தாம்பரம் வழியிலிருந்த ஒரு சின்ன ஸ்டேஷன். அதன் தலையெழுத்தை மாற்றியது 1931. அந்த வருஷம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரத்துக்கு மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925-லேயே மின்சார ரயில் வந்துவிட்டது. மீட்டர் கேஜில் இந்தியாவுக்கு இதுதான் முதல். மேலே கம்பியில் 1500 வோல்ட் நேர் மின்சாரம். கீழே குறுகலான பெட்டிகள். பீச், கோட்டை, பார்க், எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை என்று போய், பல்லாவரம் தாண்டித் தாம்பரத்தில் கம்பி முடிந்தது. அதற்குத் தெற்கே கரியும் புகையும்தான். 1960களின் மத்தியில் மின்சாரம் விழுப்புரம்வரை போகும் மட்டும், ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம், தாம்பரம் என்றால் கம்பி முடிகிற இடம் என்று அர்த்தம்.

மின்சார வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டியதில்லை. நீராவி எஞ்சினைக் கழற்றி, சுழல்மேடையில் ஏற்றித் திருப்பி, மறுமுனையில் கொண்டு வந்து மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு பக்கமும் முகம். பையனாக இருந்தபோது நான் தினமும் பார்த்த காட்சி இது: வண்டி வந்து நிற்கும். ஜனங்கள் இறங்குவார்கள். டிரைவர் முன்பக்கத்திலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தோடு பின்பக்கத்துக்கு நடப்பார். கார்டு பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு நடப்பார். பாதி வழியில் இருவரும் தாண்டிப் போவார்கள். சில சமயம் ஒரு வார்த்தை பேசிக்கொள்வார்கள். சில நிமிஷங்களில் வண்டி வந்த வழியே கிளம்பிவிடும். வந்து சேர்ந்த வண்டி எப்போது புறப்படும் வண்டியாக மாறுகிறது என்று கவனித்துக் கண்டுபிடிக்க முயன்றிருக்கிறேன். முடிந்ததில்லை.

தாம்பரத்தின் ஆரம்பம் இந்த நடையில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இரவு வண்டிகள் நிற்க இடம் வேண்டும், பழுது பார்க்க ஷெட் வேண்டும், அதிகாலை முதல் வண்டியை எடுக்கிறவர் பக்கத்திலேயே தூங்க வேண்டும். ஷெட், குவார்ட்டர்ஸ், அவற்றைச் சுற்றி ஒரு காப்பிக் கடை, ஒரு மளிகைக் கடை, ஒரு பள்ளிக்கூடம். தண்டவாளம் ஊரைக் கிழக்கு என்றும் மேற்கு என்றும் இரண்டாகப் பிளந்தது. இன்றுவரை முகவரியில் அந்தத் திசையைச் சொல்லாமல் தபால் எழுத முடியாது.

*

ரயில்வே ஊர் என்று சொன்னால் நியாயமாக நினைவுக்கு வர வேண்டியது பொன்மலை. அதையும் இதே கம்பெனிதான், இதே வருஷங்களில் உண்டாக்கியது. நாகப்பட்டினத்தில் இருந்த தொழிற்சாலையைத் திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு மாற்றி, வரைபடம் போட்டு, தெரு இழுத்து, தொழிலாளிக்கு ஒரு அளவு, ஃபோர்மனுக்கு ஒரு அளவு என்று வீடு கட்டினார்கள். நாகப்பட்டினம் வெறுமையானது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928-ல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான ஆட்கள் அதிகம் என்று ஒரு கையால் கணக்குப் பார்த்த கம்பெனி, மறு கையால் சென்னையில் மின்சாரக் கம்பி இழுக்கும் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதிய சரித்திரம் எதையும் நான் பார்க்கவில்லை.

1946 செப்டம்பர் 5-ம் தேதி பொன்மலையில் தொழிலாளர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஐந்து பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளை அங்கே நினைக்கிறார்கள். அப்படியென்றால் பொன்மலைக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு சாவு உண்டு, சாவை நினைக்கிற ஒரு நாளும் உண்டு. அதாவது அது ஊர். தாம்பரத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. பொன்மலையில் வேலையும் வீடும் ஒரே சங்கொலிக்குக் கட்டுப்பட்டவை. தாம்பரத்தில் ரயில்வேக்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு வேலை ஓரிடம், வீடு ஓரிடம். நடுவே ஒரு சீஸன் டிக்கெட்.

மற்ற தேசங்களில் புறநகர் வேறு மாதிரி பிறந்தது. லண்டனில் மெட்ரோபாலிடன் ரயில்வே தானே நிலம் வாங்கி வீடு கட்டி விற்றது. ஜப்பானில் கோபயாஷி இச்சிஸோ என்பவர் 1910-ல் ஒசாகாவுக்கு வெளியே ரயில் பாதை போட்டு, பாதையோரத்தில் தவணை முறையில் வீடு விற்று, முனையில் ஒரு பெரிய கடையும் வைத்தார். அங்கே ஊருக்கு ஒரு முதலாளி இருந்தான். அவனுக்கு ஒரு கனவோ கணக்கோ இருந்தது. நம் பாதையில் ரயில் வந்தது, அவ்வளவுதான். வீட்டைப் பற்றி எவனும் யோசிக்கவில்லை.

*

ஆனால் வேறு ஒன்றைப் பற்றிப் பலர் யோசித்தார்கள். நகரத்துக்கு வெளியே எதை வைக்கலாம் என்பதுதான் அது.

முதலில் தோல். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி வந்தது. கம்பெனியின் பெயரிலிருந்த குரோமியமே ஊருக்குப் பெயராகி, குரோம்பேட்டை என்று ஒரு ஸ்டேஷனும் ஆயிற்று. உலகத்தில் ரசாயனப் பொருளின் பெயரைத் தாங்கிய ஊர்கள் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. தோல் பதனிடுகிற நாற்றம் நகரத்துக்கு ஆகாது. இங்கே ஆகும். பிற்காலத்தில் நாகல்கேணிப் பக்கம் பெருகிய பதனிடும் தொழிலின் குரோமியம் கிணறுகளில் இறங்கியது.

அடுத்தது க்ஷயம். டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தை நடத்தியவர். சுத்தமான காற்றும் ஓய்வும்தான் மருந்து என்று நம்பிய தலைமுறை. 1928-ல் அவர் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தை ஆரம்பித்தார். 1937-ல் அதை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஸ்டேஷனுக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர். வண்டி அங்கே நிற்கும்போது சில பயணிகள் மூக்கைத் துணியால் மூடிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். நாங்களும் மூடிக்கொண்டோம்.

மூன்றாவது படிப்பு. மதராஸ் கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில், ஹைகோர்ட்டுக்கு எதிரே நெரிசலில் இருந்தது. தன் நூறாவது வருஷமான 1937-ல் சேலையூர்க் காட்டில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட விஸ்தீரணத்துக்குக் குடிபெயர்ந்தது. ஹென்றி ஷாட்டி என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் கட்டடங்களை அமைத்தார். எட்வர்ட் பார்ன்ஸ் என்ற ரசாயனப் பேராசிரியருக்குத் தாவரங்களில்தான் மனசு; அவர் மரங்களைக் கவனித்தார். மாணவன் நகரத்தின் சந்தடியை விட்டு விலகி விடுதியில் ஆசிரியர்களோடு வாழ வேண்டும் என்பது லட்சியம்.

நான்காவது ஆகாய விமானம். யுத்தத்தின்போது இங்கே ஒரு விமானத் தளம் இருந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கே கற்றுக்கொடுக்கிற விமானப்படைப் பள்ளி 1954-ல் அங்கே வந்தது.

நாற்றம், நோய், படிப்பு, ஆயுதம். நான்குக்கும் பொதுவாக வேண்டியிருந்தது ஒன்றே: தூரம். அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி நால்வரில் ஒருவருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பார்த்தது காலியிடத்தை. வரைபடத்தில் எழுத்தில்லாத பகுதியைக் காலி என்று படிப்பது படித்தவர்களின் வழக்கம்.

*

வேடிக்கை என்னவென்றால், எந்த ரயிலை நம்பி இவர்கள் தூரத்துக்கு வந்தார்களோ அதே ரயில் தூரத்தை ஒழித்துக்கொண்டிருந்தது. கல்லூரியின் விடுதி லட்சியம் மூன்று விடுதிகளில் உயிரோடு இருந்தது. ஆனால் காலையில் மின்சார வண்டி கொண்டு வந்து கொட்டிய மாணவர்கள் மாலையில் அதே வண்டியில் மாம்பலத்துக்கும் திருவல்லிக்கேணிக்கும் திரும்பிப் போனார்கள். சந்தடி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு தினமும் காட்டுக்குள் வந்துபோயிற்று.

சானடோரியத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1956-ல் சென்னையில், இதே தடத்தில் சேத்துப்பட்டில், க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் நல்ல சாப்பாடு இல்லாத, காற்று நுழையாத ஏழை வீடு. 1959-ல் முடிவு வெளியாயிற்று. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். தூரம் மருந்தில்லை என்று தாம்பரத்திலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி நிரூபித்துவிட்டார்கள். இருந்தாலும் ஆஸ்பத்திரி மூடவில்லை. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளை ஏற்க மற்ற இடங்கள் தயங்கியபோது இங்கேதான் அவர்கள் வந்தார்கள். மருத்துவத்துக்குத் தூரம் தேவைப்படாமல் போன பிறகும் மனிதர்களுக்குத் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1938 டிசம்பரில் உலக மிஷனரிகளின் மகாநாடு இந்தக் கல்லூரி வளாகத்தில் கூடியது. முதலில் சீனாவில் ஹாங்சௌவில் நடப்பதாக இருந்து, ஜப்பான் யுத்தத்தால் இங்கே மாறியது. மற்ற மதங்களிலிருந்து கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்குத் தொடர்ச்சி கிடையாது என்று ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய புத்தகமே எழுதிக் கொண்டுவந்தார். செஞ்சையா, சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்துவர்கள் அதே வருஷம் தங்கள் தொகுப்பில் வேறு விதமாக வாதிட்டார்கள். இந்த மண்ணின் அனுபவம் கிறிஸ்துவத்துக்கு அந்நியமில்லை என்றார்கள். இறையியல் நூலகங்களில் 'தாம்பரம்' என்ற சொல் இன்றும் அந்த விவாதத்தைத்தான் குறிக்கிறது. ஹாலந்துக்காரர் ஒருவருக்குத் தெரிந்த அந்தத் தாம்பரத்தைக் காய்கறிக் கடையில் என் பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது. எனக்கும் நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. ஊரின் பெயர் உலகத்துக்குப் போயிற்று, ஊருக்குள் வரவில்லை.

*

இனி என் பங்கு.

ரிடையர் ஆவதற்குச் சில வருஷம் முன்பு அப்பா மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர்ப் பக்கம் ஒரு கிரவுண்டு மனை வாங்கினார். மனைப் பிரிவுக்கு ஏதோ ஒரு நகர் என்று பெயர். செங்கல்பட்டு ஜில்லாவில் ஊர்ப் பெயர் பாக்கம் என்றோ ஏரி என்றோ முடிவது வழக்கம். நாங்கள் வந்த பிறகு எல்லாம் நகர் என்று முடிந்தன. அந்த மனையின் கிரயப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. தாம்பரத்தைப் பற்றி நான் படித்த சரித்திர ஆவணங்களில் அதுதான் சிறந்தது. நிலத்தின் வகை: நஞ்சை. எல்லை: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு, பாசன வாய்க்காலுக்குத் தெற்கு.

நஞ்சை என்றால் ஏரி பாய்ந்த நிலம். கடப்பேரி, இரும்புலியூர், பீர்க்கன்கரணை, சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று சங்கிலியாக ஏரிகள் இருந்த பூமி இது. ஒன்றின் கலங்கலில் வழிந்தது அடுத்ததற்குப் போகும். மதகைத் திறந்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று தண்ணீர் கட்டுகிறவரை இந்த ஜில்லாவில் நீர்க்கட்டி என்பார்கள். சேரியிலிருந்து வருகிறவர், ஊருக்கே தண்ணீர் பங்கிட்டவருக்குச் சொந்தத்தில் நிலம் இருக்காது. நாங்கள் வீடு கட்டியபோது கல் சுமக்க வந்த கிழவர் ஒருவர் அந்த வேலை பார்த்தவர். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் வாய்க்காலைக் காட்டி என்னிடம் சொன்னார்: "மடையத் தொறக்க இப்பவும் எனக்குத் தெரியும் தம்பி. யாருக்குத் தொறக்கறது?"

அப்போது நான் புதுக்கவிதை படித்துக்கொண்டிருந்தேன். அந்நியமாதல், வேரற்ற தன்மை என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். எதிரில் உட்கார்ந்திருந்தவருடைய வேர் எங்கள் அஸ்திவாரத்தின் கீழே போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஏரியை யாரோ ஆக்கிரமித்தார்கள், யாரோ தூர்த்தார்கள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். அதுவும் நடந்ததுதான். ஆனால் அதற்கு முன்பே ஏரி செத்துவிட்டது. அதன் கீழிருந்த வயல்கள் மனைகளானபோது அது செத்தது. பாசனம் இல்லாத ஏரிக்குக் கரை காக்க ஆள் கிடையாது, குடிமராமத்து கிடையாது, சண்டை போடக்கூட ஆள் கிடையாது. வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று கூக்குரல் போட ஒரு விவசாயி இருக்கிறவரைதான் வாய்க்கால் வாய்க்காலாக இருக்கும். நாங்கள் யாரும் எதையும் திருடவில்லை. பணம் கொடுத்து, முத்திரைத் தாள் வாங்கி, முறைப்படி வந்தோம். சீஸன் டிக்கெட் கையிலிருந்த ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு கிரவுண்டாக வாங்கினோம். ஸ்தாபகர் இல்லாத ஊர் என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஸ்தாபகர்கள் நாங்கள்தான்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது. விடியும்போது வீட்டுக்குள் இடுப்பளவு. முடிச்சூரில் படகு விட்டார்கள். பழைய பத்திரிகைகளும் புத்தகங்களும் ஊறி வீங்கி அலமாரியை விட்டு வெளியே வர மறுத்தன. வெள்ளம் என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் பத்திரத்தில் சொல்லியிருந்த எல்லையைப் பார்த்து வந்திருந்தது.

*

கம்பி இப்போது தாம்பரத்தில் முடிவதில்லை. மீட்டர் கேஜ் மின்சார வண்டி 2004-ல் நின்று போயிற்று. அதற்கு முன்பே, 1985-ல், சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த மிருகக்காட்சிசாலையை வண்டலூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியூர்ப் பேருந்து நிலையம் 2023 கடைசியில் கிளாம்பாக்கத்துக்கு வந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. நகரம் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பாததைத் தெற்கே தள்ளுவது நிற்கவில்லை. தள்ளப்பட்ட இடம் சில வருஷங்களில் நகரமாகி, தானும் தெற்கே தள்ள ஆரம்பிக்கிறது.

நம் இலக்கியத்தில் கிராமம் இருக்கிறது. திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே வண்டியில் நின்றுகொண்டு நம்மில் எத்தனையோ பேர் வாழ்ந்தோம். இந்தப் பத்திரிகைகளுக்கு மெய்ப்புக்கூட அந்த வண்டியில் திருத்தியிருக்கிறோம். ஆனால் வண்டி எங்கே முடிந்ததோ அந்த இடத்தை எழுதவில்லை. அதை எழுதினால் நீர்க்கட்டியை எழுத வேண்டியிருக்கும். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சென்ற வருஷம் வீட்டை மகள் பெயருக்கு எழுதி வைக்கப் போனேன். பத்திரம் எழுதுகிறவர் பழைய பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்தார். வடக்கு எல்லைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"வாய்க்கால்னு இருக்கே சார், இப்போ அங்கே என்ன?"

"ரோடு."

"ரோடுன்னே போட்டுடறேன். வாய்க்கால்னு இருந்தா நாளைக்கு வாங்கறவன் யோசிப்பான்."

பழையபடியே இருக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என்னைப் பார்த்தாள். இருபதடி ரோட்டுக்குத் தெற்கு என்று அவர் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அந்த வாய்க்கால் இனி எந்தப் பத்திரத்திலும் இருக்காது. அது அங்கே இருந்தது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.